பழைய ரிவால்வருக்கு விலை போடும் முன் எண்களைப் பாருங்கள்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருந்த தாத்தாவின் ரிவால்வர் லைசென்ஸோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? விலை விசாரிக்கச் சேலத்துக்கு இறங்கும் முன், உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு லென்ஸும் டார்ச்சுமாக உட்காருங்கள்.

முதலில் எண்கள். வெப்ளி மார்க் 6 என்றால் (1915-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த ரிவால்வர்) ஃப்ரேம் என்கிற உடல் பாகத்திலும், தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பான பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பிடியின் அடியில் உள்ள எண்ணை சிலிண்டரோடு ஒப்பிடுங்கள். வலது பக்க மரப்பிடியைக் கழற்றினால் அதன் உட்புறத்திலும் பெரும்பாலும் அதே எண் இருக்கும்.

எண் ஒத்துப்போகவில்லையா, அந்தப் பாகம் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம். ஸ்ப்ரிங், திருகு மாறியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிடி மாறியிருந்தால் பழையது பரணில் கிடக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் பாதிக் கவலை போச்சு. சிலிண்டரோ குழலோ மாறியதுதான் விலைக்குப் பெரிய அடி. வெப்ளியில் இன்னொரு வில்லங்கம்: அமெரிக்காவுக்குப் போனவற்றில் பலவற்றை, .45 ஏசிபி என்ற அமெரிக்கத் தோட்டா போடுவதற்காக சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டார்கள், சீவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்?

அப்புறம், மலைப் பனியில் துருவேறியது என்று யாராவது பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகுத் துளையைச் சுற்றிக் குழிந்திருக்கும். என்னைக் கேட்டால் தேய்ந்த அசல் பூச்சே மேல்.

அசல் பாகங்களோடு அதே மாடல் என்ன விலை போகிறதோ, அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். வெளிநாட்டு ஏல விலையை ரூபாயாக்கிக் கனவு காணாதீர்கள், இங்கே லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும்.