இராசவள்ளி: கொடியைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இராசவள்ளி எங்கே நட்டாலும் வரும் என்பார்கள். கொடி வரும்தான். கிழங்கு வருமா என்பது வேறு கதை.

யாழ்ப்பாணத்தில் அதிகம் நடக்கும் பிழை, மாரி மழை தொடங்கியதும் நடுவது. இது 8 முதல் 10 மாதம் எடுக்கும் பயிர். பகல் குறுகும் காலத்தில்தான் கிழங்கு பருக்கும். அதற்குள் கொடி நன்றாகப் படர்ந்திருக்க வேண்டும். ஐப்பசியில் நட்டால் கொடி தேறும் முன்பே கிழங்கு கட்டத் தொடங்கி, கைக்குள் அடங்கும் அளவோடு நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் நட்டு, மழை வரும்வரை கிணற்றுத் தண்ணீர் இறைப்பதுதான் சரி.

அடுத்தது இடம். கிழங்கு கீழே இறங்குவது, அதனால் மண்ணின் ஆழத்தைப் பார்க்காமல் நடக் கூடாது. வலிகாமத்துச் செம்மண் இதற்கு அருமையான மண், தண்ணீரும் நிற்காது. ஆனால் சில வளவுகளில் கொஞ்சம் தோண்டியதுமே சுண்ணாம்புக்கல் தட்டும். அங்கே கிழங்கு கோணி, பிளந்து, தோல் சீவவே முடியாத உருவத்தில் வரும். ஒரு தடவை அலவாங்கால் (கடப்பாரையால்) குத்திப் பார்த்துவிட்டு நடுங்கள். வயலோரக் களிமண் என்றால் மேடு கட்டியே ஆக வேண்டும். கார்த்திகை வெள்ளம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

நிழல் வேண்டாம், நல்ல வெயில் வேண்டும். பலர் கொடியை வேலிக் கதியாலில், அதாவது வேலிக்கு நட்ட பூவரசு போன்ற உயிர்மரத்தில், ஏற்றிவிடுகிறார்கள். பூவரசின் வேர் எருவையும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஆட்டுக்குக் குழை வெட்டும்போது கொடியும் சேர்ந்து போகும். தனித் தடி நடுவதே நல்லது. தடியே கொடுக்காமல் தரையில் விட்டால், மழைக்கு இலையில் கரும்புள்ளி விழுந்து கொடி கருகும்.

விதைத் துண்டு 200 முதல் 300 கிராம் இருக்கட்டும், தோலோடு. வெட்டு வாயில் சாம்பல் தடவி நிழலில் உலர விடுங்கள். தோண்டிய கையோடு நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று கவலைப்படுவதும் வீண். கிழங்கு சில மாதம் உறங்கித்தான் முளைக்கும்.

அப்புறம், இலை பச்சையாக இருக்கும்போதே தைப்பொங்கலுக்கென்று அவசரப்பட்டுக் கிண்டாதீர்கள். கொடி மஞ்சளாகிக் காயட்டும். கிண்டும்போது காயம் பட்ட கிழங்கை விதைக்கு எடுத்து வைக்காமல், அன்றைக்கே தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சிவிடுங்கள்.