நெட் வரலைன்னதும் ரீசெட் குத்தாதீங்க

நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. வயல் காய்ந்தால் யாரும் அங்கே ஓடிப்போய் ஷட்டரைத் திருகுவதில்லை. முதலில் நம் மடை, அப்புறம் வாய்க்கால், அதற்கும் அப்புறம்தான் ஆறு. இவ்வளவு விவரமுள்ளவர்கள் நெட் நின்றதும் செய்கிற முதல் காரியம், ஊக்கு ஒன்றை எடுத்து ரவுட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் குத்துவது.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட் குத்தினால் பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்கே போய்விடும். இணைப்புக் கொடுத்தவர் உள்ளே போட்டு வைத்திருந்த யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்துவிடும். லைன் தானாகவே சரியாகியிருக்கும். ஆள் வந்து திரும்பப் போடும்வரை உங்களுக்கு மட்டும் வராது. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் குத்திவிட்டு முழித்திருக்கிறேன்.

ஃபைபர் இணைப்பென்றால் பெட்டியில் 'லாஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். உள்ளே ஓடுவது தலைமுடி கனத்துக் கண்ணாடி இழை. கதவிடுக்கில் நசுங்கினாலும், தென்னை மரத்தில் இறுக்கிக் கட்டி மடங்கினாலும் ஒளி வெளியே கசிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ஆபரேட்டருக்குப் போன் செய்யுங்கள்.

சிவப்பு இல்லையா? கம்ப்யூட்டரில் மூன்று முறை பிங் (ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். அது பதில் சொல்லி, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 சொல்லாவிட்டால் வெளி லைனில். இரண்டும் சொல்லி, ஏதாவதொரு தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்று வந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்துவிட்டது. அதற்கு ரவுட்டரை உதைத்துப் பயனில்லை. டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் போதும்.

மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் வாங்கி, கேபிளை அகப்பட்ட துளையில் சொருகுவது அடுத்த தவறு. போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். இரண்டு பெட்டியும் அதைச் செய்தால், ஒரே மடைக்கு இரண்டு பேர் முறை வைத்த கதைதான். ஒரு போனில் வரும், அடுத்ததில் வராது. இரண்டாவதில் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். முதல் பெட்டி யாருக்கும் கொடுக்காத முகவரி எண்ணாகப் பார்த்து இரண்டாவதற்கு வையுங்கள். கேபிளை முதல் பெட்டியில் லேன் (LAN) என்று எழுதிய துளைக்கும் இரண்டாவதின் லேன் துளைக்கும் இடையே போடுங்கள்.

100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 100 எம்பி இறங்கவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் 12.5 எம்பி.

ஆற்றோடு ஒப்பிட்டு வந்தேன். ஓரிடத்தில் அது பொருந்தாது. வாய்க்காலில் கசிந்த தண்ணீர் போனது போனதுதான். இணையத்தில் தகவல் எண் போட்ட சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒன்று தொலைந்தால் அனுப்பியவர் அதை மறுபடி அனுப்புவார். வழி சரியில்லை போல என்று தன் வேகத்தையும் குறைத்துக்கொள்வார். அதனால்தான் கெட்ட லைனில் படம் வராமல் போவதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது. உடனே பெரிய பிளானுக்கு மாறுகிறார்கள்.

மன்னார்குடி பக்கம் ஒரு பழைய வீட்டில் அப்படித்தான் மாறியிருந்தார்கள். ரவுட்டர் இருந்தது பத்தாயத்துக்குப் பின்னால். பக்கத்தில் இரும்பு பீரோ, குறுக்கே ஒன்றரையடிச் சுவர். கூடத்துக்கு மாற்றி வைத்தேன். அடுத்த மாதம் பழைய பிளானுக்கே திரும்பிவிட்டார்கள்.