பாட்டிலில் வந்த ஆர்ட்டிசோக்

துபாயிலிருந்து வந்த தம்பி ஆர்ட்டிசோக் ஸ்ப்ரெட் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான். முள்செடி ஒன்றின் பூமொட்டை, எண்ணெயும் உப்பும் சேர்த்து அரைத்தது. வேலூரில் எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை.

தோசை வேகும்போது ஒரு ஸ்பூன் தடவி, பொடி வெங்காயம், மிளகுத்தூள் தூவி மடித்தேன், தட்டு காலி. அப்புறம், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முள்ளு கத்திரிக்காய் இருக்கிறதே, அதைக் காம்பு முள் குத்தாமல் பிடித்துச் சுட்டு, தோலுரித்து மசித்து, இரண்டு ஸ்பூன் இதைக் கலந்தால் சப்பாத்திக்கு அருமை. புளி வேண்டாம், ஏற்கெனவே புளிப்பு உண்டு. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

குழம்பில் கொதிக்கவிட்டுப் பார்த்தேன், வீண். திறந்த பாட்டிலுக்கு ஃபிரிட்ஜ்தான் இடம், ஈரக் கரண்டி கூடாது. வேலூர் வெயிலில் வெளியே வைத்தால் அவ்வளவுதான்.