அட்டைப்பெட்டியும் பழைய டிவிடியும்: ஒளியை வைத்துத் தனிமத்தை அடையாளம் காண்பது எப்படி?

அணுவைச் சூடாக்கினாலோ ஆவியில் மின்சாரம் பாய்ச்சினாலோ அதன் எலெக்ட்ரான்கள் மேல் மட்டத்துக்கு ஏறி, மறுபடி கீழே இறங்கும். இறங்கும்போது விடும் ஆற்றல்தான் ஒளி. மட்டங்களின் இடைவெளி தனிமத்துக்குத் தனிமம் மாறும் என்பதால் அவை தரும் நிறங்களும் மாறும். வெறும் கண்ணுக்கு அது ஒரே நிறமாகக் கலந்துதான் தெரியும். பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பெட்டி.

படி 1: டிவிடியைப் பிளப்பது

பதிவு செய்யக்கூடிய டிவிடி-ஆர் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் பிளேடு நுனியைச் செருகி நெம்பினால் இரண்டு தகடாகப் பிரியும். உலோகப் பூச்சு ஒட்டாத தகடுதான் வேண்டும். அதிலுள்ள ஊதாச் சாயம் ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும். வெளிவிளிம்பை ஒட்டி ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். முனை கையைக் கிழிக்கும், கவனம்.

சிடி ஆகாதா? ஆகும். ஆனால் ஒளியைப் பிரிக்கும் நுண்ணிய தடங்கள் சிடியில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, டிவிடியில் 0.74 தான். தடம் நெருங்க நெருங்க நிறங்கள் விலகும். பாதரசத்தின் நீலமும் பச்சையும் சிடியில் சுமார் 4 டிகிரிதான் பிரியும், டிவிடியில் 11 டிகிரிக்கு மேல்.

படி 2: பெட்டி

உள்ளே கறுப்புக் காகிதம் ஒட்டிய பெட்டியின் ஒரு முனையில், இரண்டு பிளேடுகளின் கூர்முனைகளை எதிரெதிரே வைத்து மயிரிழை அளவு பிளவு விடுங்கள். எதிர்முனையில் ஓட்டை போட்டு டிவிடித் துண்டை ஒட்டுங்கள். வட்டத் தடங்கள் பிளவுக்கு இணையாக ஓட வேண்டும். இது தவறினால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக விழ வேண்டிய கோடுகளே வராது. நேராகப் பார்த்தால் பிளவு மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் 50 டிகிரி அளவு சாய்ந்து பாருங்கள், நிறமாலை அங்கே இருக்கும். கைபேசிக் கேமராவை அதே சாய்வில் அசையாமல் பொருத்திவிடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

படி 3: அளவுகோல்

எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது தொடர்ச்சியான வண்ணப் பட்டையைத்தான் காட்டும். சி.எஃப்.எல். விளக்கைப் பிடியுங்கள். 436 நானோமீட்டர் அலைநீளத்தில் விளக்கிலுள்ள பாதரசத்தின் நீலக் கோடு, 546-இல் பச்சை, 611-ஐ ஒட்டி விளக்கின் உட்பூச்சிலுள்ள யூரோப்பியம் என்ற தனிமத்தின் சிவப்பு.

படத்தில் நீலம் 600-வது பிக்சலிலும் சிவப்பு 1475-வது பிக்சலிலும் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 875 பிக்சலுக்கு 175 நானோமீட்டர், ஆக பிக்சலுக்கு 0.2. பச்சை 1150-க்குப் பக்கத்தில் இருந்தால் கணக்கு சரி. வெகுவாக விலகினால் கேமராவின் சாய்வைச் சற்று மாற்றி, திரும்ப அளவெடுங்கள்.

படி 4: தெரியாத ஒளி

இப்போது சாப்பாட்டு உப்பில் தோய்த்த கம்பியைத் தீயில் காட்டுங்கள். 1365-வது பிக்சலில் மஞ்சள் கோடு வந்தால் 436 + 153 = 589 நானோமீட்டர்: சோடியம். உண்மையில் அங்கே 589.0, 589.6 என இரண்டு கோடுகள். நம் பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் சோடியம் ஒரு தொல்லை. விரல் வியர்வை பட்ட கம்பிகூட மஞ்சளாக எரியும். எனவே வேறு உப்பைச் சோதிக்கும்போது இந்தக் கோடு தெரிந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஹீலியத்தின் மஞ்சள் 587.6-இல் இருக்கிறது, நியானுக்கும் 585.2-இல் ஒன்று உண்டு. 1868-ஆம் ஆண்டு கிரகணத்தின்போது சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோட்டைச் சோடியம் என்றே பலர் நினைத்தார்கள். இடம் சற்றுத் தள்ளியிருப்பதைப் பிடித்த வானியலாளர் நார்மன் லாக்யர் புதுத் தனிமம் என்றார். அதுதான் ஹீலியம். பூமியில் அதை வேதியியலாளர் வில்லியம் ராம்சே கண்டெடுத்தது 1895-இல்தான்.

ஒற்றைக் கோடு சாட்சியாகாது, கூட வரும் கோடுகளையும் தேடுங்கள். மஞ்சளோடு 667.8-இல் சிவப்பும் 501.6-இல் பச்சையும் வந்தால் ஹீலியம். மஞ்சளிலிருந்து 640 வரை செம்மஞ்சள் கோடுகள் வேலிபோல் நெருக்கமாக நின்றால் நியான். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவருக்குள் மின்னும் குட்டி விளக்கு பெரும்பாலும் இந்த நியான்தான்.