குறைவதை அளக்கப் போய் நாம் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து எங்கள் தர்மபுரி லேபுக்கு வரும் எம்.எஸ்சி பிராஜெக்ட் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் என் பழைய நோட்டையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. இலைச்சாறு, ஈ.கோலை என்ற பாக்டீரியா, அது சாவதைக் காட்டி மணிக்கு மணி இறங்கும் ஒரு கோடு. லேபிள் ஒட்டு, கையுறை போடு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

கன்ட்ரோலை ஒரே தடவை எண்ணுவது

இதற்குத்தான் இன்னமும் எரிச்சல் வருகிறது. படிக்கும் காலத்தில் வேப்பிலையை எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, பாக்டீரியாவோடு கலந்து, 0, 2, 4, 8 மணிக்கு எடுத்துப் பிளேட்டில் பரப்பிக் காலனி (உயிரோடிருக்கும் செல் பெருகி உண்டாக்கும் புள்ளி) எண்ணினேன். எண்ணிக்கை அழகாக இறங்கியது. கன்ட்ரோலை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாறு போடாத குழாயை, 0 மணியில் எண்ணியதோடு சரி, அப்புறம் தொடவே இல்லை. பிளேட் மிச்சம் பிடித்த பெருமை வேறு. வைவாவுக்கு வந்தவர் ஒன்றுதான் கேட்டார்: "வெறும் எத்தனால் ஊத்துன குழாயில 8 மணிக்கு எவ்வளவு இருந்துச்சு தம்பி?" அப்படி ஒரு குழாயே நான் வைக்கவில்லை. பிறகு செய்து பார்த்தால் அதிலும் கிட்டத்தட்ட அதே கோடு. மூன்று மாதமும் நான் அளந்துகொண்டிருந்தது எத்தனாலைத்தான்.

சாறு, அதே அளவு எத்தனால், எதுவும் போடாதது என மூன்று குழாய்களையும் ஒவ்வொரு நேரத்திலும் எண்ணுங்கள். எதுவும் போடாத குழாய் சும்மா இருக்காது. நல்ல ஊடகத்தில், 37 டிகிரியில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். வெறும் உப்புநீரில் விட்டால் பட்டினியில் தானாகவே குறையலாம், இதில் எது நடந்தது என்று தெரியாமல் 0 மணியோடு மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்? பிளேட் செலவாகும், ராத்திரி உட்கார வேண்டிவரும், தெரியும்.

லாக் எடுக்காமல் கோடு போடுவது

தக்காளி 40 ரூபாயிலிருந்து 20க்கு வந்தாலும், 20லிருந்து 10க்கு வந்தாலும் பாலக்கோட்டு விவசாயிக்கு விலை பாதியாகிவிட்டது, அவ்வளவுதான். செல் சாவதும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான். "99 சதவீதம் செத்துவிட்டது சார்" என்று ஓடி வருவார்கள். பத்து லட்சத்தில் பத்தாயிரம் இன்னும் உயிரோடு இருக்கிறதே! பத்தில் ஒன்றாகக் குறைவது ஒரு லாக், அப்படியானால் இது 2 லாக். பாக்டீரியாவைக் கொல்கிறது என்று எழுத வழக்கமாக 3 லாக், அதாவது 99.9 சதவீதம் இறங்க வேண்டும்.

பூஜ்யம் என்று எழுதுவது

நீர்க்காமல் 0.1 மில்லி பரப்பிக் காலனி ஒன்றும் வரவில்லையா? "மில்லிக்கு 10க்கும் கீழே" என்று எழுதுங்கள், அந்த 0.1 மில்லியில் ஒரே காலனி வந்திருந்தாலும் மில்லிக்கு 10 என்றுதானே கணக்கு.

ஒளிரும் புரதம் மங்குவது

செல்லுக்குள் புரதம் சிதைவதை அதன் ஒளி குறைவதை வைத்து அளப்பவர்களும் உண்டு. ஆனால் மைக்ரோஸ்கோப் விளக்கே அந்த ஒளியை மங்கவைக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் ஒளியும் பங்காகிவிடும், புரதம் துளிகூடச் சிதையாமலேயே. ஒரு தட்டை இருட்டில் வைத்திருந்து கடைசியில் மட்டும் பாருங்கள்.

கரன்ட் போனது

கரன்ட் இல்லாவிட்டால் 37 டிகிரி நிற்காது, கோடும் மாறிவிடும். எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, இரண்டையும் அப்போதே எழுதுங்கள்.