கட்டில் ஷாக்கரில் நிற்கும் டிக்கி

பெரம்பூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். காலை நாலரைக்குக் கிளம்பினால் வீடு திரும்புவதற்குள் காரின் டிக்கியை முப்பது தடவையாவது திறந்து மூட வேண்டியிருக்கும். போன மார்கழியில் ஒருநாள், இரண்டு கையிலும் மாவு டப்பாவோடு குனிந்திருந்தபோது, டிக்கிக் கதவு தானாக இறங்கி உச்சந்தலையில் ஒரு போடு போட்டது. அன்று மதியம் அதே கதவு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஜம்மென்று நின்றது.

கதவைத் தாங்கும் ஷாக்கர் என்பது ஒரு குழலுக்குள் தண்டு போய்வரும் சாமான். அந்தக் குழலுக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். 8 மில்லி தண்டு உள்ள ஷாக்கர் 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ தள்ள வேண்டுமென்றால், உள்ளே 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இரண்டு பார் சொச்சம்தான். வருடக்கணக்கில் இந்த வாயு, தண்டு நுழையும் வாயை அடைத்திருக்கும் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். மிச்சமிருப்பதற்கும் குளிர் ஆகாது. 20 டிகிரி காலைக்கும் 35 டிகிரி மதியத்துக்கும் நடுவில் தள்ளும் வலு 5 சதவீதம் மாறும். போகிற நிலையில் இருக்கும் ஷாக்கருக்கு அந்த 5 போதும். மாசி வந்தபோது என் கதவு மதியத்திலும் நிற்கவில்லை.

புது ஜோடிக்குச் சொன்ன விலை 3,800 ரூபாய். புதுப்பேட்டையில் பழையது தேடினேன். கிடைத்ததெல்லாம் என்னுடையதைவிட மோசம். இதற்கிடையில் ஒரு பிவிசி குழாயைத் துண்டாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து, தண்டின் மேல் மாட்டி ஒப்பேற்றினேன். கதவு நன்றாகவே நின்றது. ஒருநாள் குழாயை எடுக்க மறந்து கதவை இழுத்து மூடப் போனேன். குழாய் நசுங்கியது, நல்ல வேளையாகத் தண்டு வளையவில்லை. இரண்டு நாள் அவசரத்துக்கு அந்த வித்தை சரி, அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம்தான் மெத்தையைத் தூக்கினால் அப்படியே நிற்கும் கட்டில்களில் இருக்கும் ஷாக்கர் நினைவுக்கு வந்தது. அதுவும் இதே சாமான்தான். ஆனால் கண்ணளவில் வாங்கிவிடாதீர்கள். 1,000 நியூட்டன் கட்டில் ஷாக்கரைக் கார் கதவில் மாட்டினால் தகடு வளையும், கதவை மூட ஆள் ஏறி உட்கார வேண்டிவரும். என் காரின் பெயரையும் வேண்டுமென்றே சொல்லவில்லை. அளவு வண்டிக்கு வண்டி மாறும், என் எண்ணை வைத்து நீங்கள் வாங்கக் கூடாது.

முதலில் வலு. பழைய ஷாக்கரின் மேல் அச்சடித்த எண் தெரிந்தால் வேலை சுலபம். என்னுடையதில் அழிந்துபோயிருந்தது. என் மகன் கதவைப் பிடித்துக்கொள்ள, இரண்டு ஷாக்கரையும் கழற்றினேன். மாவு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு மூங்கில் கழியை நிறுத்தி, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, முழுதாகத் திறந்த கதவின் விளிம்பைக் கழியின் மேல் உட்கார வைத்தோம். 7 கிலோ காட்டியது, அதாவது சுமார் 70 நியூட்டன். கீலிலிருந்து கழி வரை படுக்கைவாட்டில் 80 சென்டிமீட்டர். ஷாக்கரின் முனைகள் மாட்டும், காரிலும் கதவிலும் உள்ள இரண்டு உருண்டைக் குண்டுகளுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி, கீலிலிருந்து அந்த நூலுக்கு நேர்க்குத்தாக அளந்தால் 8 சென்டிமீட்டர். 70 பெருக்கல் 80 வகுத்தல் 8, மொத்தம் 700. ஆளுக்குப் பாதி 350. குளிருக்கும் வருகிற வருடங்களின் கசிவுக்கும் 15 சதவீதம் கூட்டினால் 400 நியூட்டன். கழற்றிய பழைய ஷாக்கர்களை அதே தராசில் நிமிர்த்தி வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்று 27 கிலோவிலேயே இறங்கியது, இன்னொன்று 19.

அடுத்தது நீளம். குண்டின் மையத்திலிருந்து மையம் வரை கதவு திறந்திருக்கும்போது 480 மில்லி, மூடியிருக்கும்போது 300. விரிந்த நீளம் பழையதுக்குச் சமமாகவோ ஒரு சென்டிமீட்டர் குறைவாகவோ இருக்கலாம்; கூடினால் கீலுக்குக் கேடு. சுருங்கிய நீளம் மூடிய அளவைவிடக் கட்டாயம் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு பூட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே ஷாக்கர் முழுதாகச் சுருங்கி அடிதட்டும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் கண்ணாடியோ தகடோ போகும்.

பாரிமுனையில் ஒரு கடைக்குள் நுழைந்ததுமே பையன், "கட்டிலுக்கா அக்கா?" என்றான்.

"இல்ல தம்பி, காருக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தான், ஆனாலும் எடுத்துக் கொடுத்தான். 400 நியூட்டன், இரண்டும் சேர்த்து 720 ரூபாய். கட்டில் ஷாக்கரின் இரு முனையிலும் வளையம் இருக்கும். அதை அப்படியே போல்ட் போட்டு மாட்டாதீர்கள். வளையம் ஒரே தளத்தில்தான் திரும்பும்; கார் கதவோ மேலே போகும்போது கொஞ்சம் பக்கவாட்டிலும் அசையும். அந்த அசைவு தண்டை இழுத்துச் சீலைத் தின்றுவிடும். என்னுடையதில் வளையங்கள் 8 மில்லி மரையில் திருகியிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு, 10 மில்லி குண்டுக்கான கிண்ணங்கள் நான்கு வாங்கித் திருகினேன், 180 ரூபாய். சில ஷாக்கர்களில் வளையம் பற்றவைத்திருக்கும், அதைத் தொடாதீர்கள். மரை அளவையும் குண்டின் அளவையும் கடையிலேயே பொருத்திப் பாருங்கள். கிண்ணத்தைத் திருகும்போது தண்டை இடுக்கியால் பிடிக்கக் கூடாது. முடி அளவு கீறல் விழுந்தாலும் அது உள்ளே போய்வரும்போதெல்லாம் சீலை அறுக்கும்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. கதவுக்குக் கழியை முட்டுக் கொடுங்கள். கிண்ணத்தின் கழுத்தில் இருக்கும் கம்பிக் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் பாதி மட்டும் நெம்பி, குண்டின் மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். கிளிப்பைத் திரும்பத் தள்ளிவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பழையதைக் கழற்றும் முன்பே எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துவிடுங்கள். கார் மூடிக் கிடக்கும் நேரமெல்லாம் தண்டு கீழ்ப்பக்கம் இருந்தால், உள்ளே இருக்கும் கொஞ்சம் எண்ணெய் சீலை ஈரமாக வைத்திருக்கும்.

மூடுவதற்கு முன் செய்த ஒரு காரியம்தான் எனக்கே பிடித்தது. தண்டின் மேல், குழலை ஒட்டி, மாவுப் பாக்கெட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டேன். கதவை இரண்டு கையாலும் மெதுவாக இறக்கி மூடினேன். எங்கேயாவது கல் மாதிரித் தடுத்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும், தடுக்கவில்லை. திறந்து பார்த்தபோது குழல் அந்த ரப்பரைத் தண்டின் கோடிவரை தள்ளிக்கொண்டு போயிருந்தது. ரப்பருக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் 12 மில்லி மீதி. கதவு தடுக்காமல் மூடியதும் அந்த இடைவெளியும் சேர்ந்துதான் ஷாக்கர் அடிதட்டவில்லை என்பதற்குச் சாட்சி. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஒரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், கதவு கோணிக்கொள்ளும். பழையதில் வாயு ஏற்றித் தருகிறேன் என்பவர்களிடமும் நான் போகவில்லை. தேய்ந்த சீல் தேய்ந்த சீல்தானே.

கழற்றிய இரண்டையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். பாதி செத்ததாக இருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கிறது, வெட்டவோ நெருப்பில் காட்டவோ கூடாது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து 15 ரூபாய் கொடுத்தார்.