ஜீரோ வச்சும் பெட்டரியில கரண்ட் ஓடுதா? இப்படி தேடுங்க

பகல்ல சோலர்ல இருந்து பெட்டரிய சார்ஜ் பண்ணி ராத்திரி அதையே திருப்பி எடுக்குதே, அந்த ரெண்டு பக்க கன்வர்ட்டர்ல கரண்ட் செட்டிங்க ஜீரோ வச்சும் அரை அம்பியர் ஓடிக்கிட்டே இருந்தா ஒடனே போர்ட்ட மாத்த ஓடாதீங்க. டிஸ்ப்ளேய நம்பவும் வேணாம், அது ஜீரோன்னே காட்டலாம். டிசி கிளாம்ப் மீட்டர ஜீரோ பண்ணி பெட்டரி வயர்ல போட்டுட்டு கன்வர்ட்டரோட மொஸ்ஃபெட்டுகள (எலக்ட்ரோனிக் சுவிட்ச்) ஓட்டுற கேட் பல்ஸ நிப்பாட்டுங்க.

இப்ப கிளாம்ப் ஜீரோ, டிஸ்ப்ளேல அரை அம்பியர்னா சென்சர் ஆஃப்செட்தான் (கரண்ட் இல்லாமலே சென்சர் காட்டுற பொய் ரீடிங்), அந்தப் பொய்ய சரிக்கட்டத்தான் கன்ட்ரோலர் இவ்வளவு நேரமும் நெசமான கரண்ட்ட ஓட விட்டிருக்கு. நுவரெலியா மாதிரி எடத்துல விடியக்காலை குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் கரண்ட்ட காந்தப்புலத்த வச்சு அளக்குற ஹால் சென்சரோட ஜீரோ நகரும், அதால ஒருக்கா கெலிப்ரேட் பண்ணா பத்தாது, ஒவ்வொரு ஸ்டார்ட்லயும் பல்ஸ் வர முந்தியே சென்சர் ரீடிங்கோட ஆவரேஜ் எடுத்து கழிக்கிற மாதிரி கோட்ல போடுங்க.

பல்ஸ் நின்னும் ஓடுதா? பஸ் வோல்டேஜ் (கன்வர்ட்டரோட மத்தப் பக்கத்து டிசி லைன்ல உள்ளது) பெட்டரிய விட கொறஞ்சிருக்கான்னு பாருங்க. அப்படின்னா மேல் மொஸ்ஃபெட்டோட உள்ளுக்கே இருக்கிற பாடி டயோட் (ஒரு பக்கம் மட்டும் கரண்ட்ட விடுறது) வழியா தானா போகும், சொஃப்ட்வெயரால நிப்பாட்டவே ஏலாது, லைன வெட்டுற கன்டாக்டர் (பெரிய ரிலே) போடணும், இல்லாட்டி எதிரும் புதிருமா ரெண்டு மொஸ்ஃபெட். கழட்ட முந்தி பஸ் கெப்பாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ணிக்கங்க, ஓஃப் பண்ணாலும் அதுல சார்ஜ் இருக்கும்.